ரோமாபுரியில் வெறுங்காலாக

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை. காக்கித் துணியில் தைத்தது. தோளில் மாட்ட வார் உண்டு. உள்ளே எனக்கு இரண்டு புடவை, அவருக்கு இரண்டு சட்டை, சீப்பு, சோப்பு, ஜெபமாலை. அவற்றுக்கு அடியில் சின்னச் சீசாவில் எலுமிச்சை ஊறுகாய். அதற்கும் அடியில், தாளில் சுற்றிய இரண்டு கடிதங்கள். சப்பாத்து ஆளுக்கு ஒரு ஜோடிதான், அதுவும் காலில் கிடந்ததுதான். இன்னொரு ஜோடி வீண் கனம் என்று தடுத்தவள் நான்.

மர்சேய் பட்டணத்தில் எட்டு மாதம் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் நம் ஊர்த் துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். மேற்பயிற்சிக்கென்று அவரை அனுப்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். திரும்பும்போது பெரிய பெட்டிகளையெல்லாம் கப்பலில் ஏற்றியாகிவிட்டது. அந்தக் கப்பல் நாப்போலி துறைக்கு வந்து சேருவதற்குள் நாங்கள் தரைவழியாகப் போய் ரோமாபுரியைப் பார்த்துவிட்டு, நாப்போலியில் ஏறிக்கொள்வதாகத் திட்டம். நடுவில் மூன்று நாள் கிடைத்தது. மூன்று நாளும் நடந்தே பார்க்கலாம் என்றேன்.

"நடந்தேவா?" என்றார் அவர்.

"நடந்தாத்தாங்க ஊர் தெரியும். வண்டியில போனா வண்டிதான் தெரியும்."

"பேச்சுல உன்னை யாரு ஜெயிக்கிறது, செலின்" என்று பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

இனி அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மர்சேயை விட்டுப் புறப்பட நாலு நாள் இருக்கும்போது அவருக்கு ஒரு செய்தி வந்தது. சைகோன் துறைமுகத்தில் ஓர் உத்தியோகம் காலியாக இருக்கிறது, மூன்று வருஷம் இருக்கவேண்டும், சம்மதமா இல்லையா என்று நாப்போலியில் கப்பல் ஏறுவதற்குள் பதில் எழுதித் தபாலில் சேர்க்கவேண்டும். சைகோன் என்ற பெயர் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் தெருவில் சைகோனிலிருந்து வந்த அரக்குப் பெட்டி இல்லாத வீடு குறைவு. கறுப்பு மூடியின்மேல் பொன் கோட்டில் ஒரு மலை, ஓர் ஆறு, ஆற்றில் ஒற்றை ஓடம் எழுதியிருக்கும். சின்ன வயதில் அந்த ஓடத்தில் ஏறி நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

ஆனால் கடலுக்குள் நீண்டிருக்கும் புதுச்சேரிக் கப்பல் பாலத்தில், நாங்கள் பயணப்பட்ட அன்று, என் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். "அழாதீங்க அத்தை. உங்க புள்ளையைப் பத்திரமா திருப்பிக் கொண்டாந்து உங்ககிட்ட விட்டுடறேன்." அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை. நெல்லித்தோப்பு வீட்டில் துணைக்கு வேறு யாரும் இல்லை. வார்த்தை கொடுப்பதில் நான் எப்போதும் அவசரக்காரி. கொடுத்த பிறகுதான் அதன் எடை தெரியும்.

அவர் சம்மதம் என்று ஒரு கடிதமும், இயலாது என்று ஒரு கடிதமும் எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, உறையில் இட்டு என்னிடம் தந்துவிட்டார்.

"ஆசையும் உன்னுது. அம்மாகிட்ட குடுத்த வாக்கும் உன்னுது. எதைத் தபால்ல போடணும்னு நீயே சொல்லு. அதுவரைக்கும் நான் இதைப் பத்தி வாயே தொறக்கமாட்டேன்."

"உங்களுக்கு எது இஷ்டம்? அதைச் சொல்லுங்க."

"எனக்கு ரெண்டும் இஷ்டம். அதனாலதான் ரெண்டையும் எழுதிட்டேன்."

இப்படிப்பட்ட மனிதரோடு சண்டைகூடப் போட முடியாது.

முதல் நாள் ரயிலை விட்டு இறங்கியதும் என் விரதத்தை நானே முறித்தேன். வெயிலைப் பார்த்து மயங்கி, டிராம் வண்டியில் ஏறலாம் என்றேன். கண்டக்டர் என் புடவையை ஏறிட்டுப் பார்த்து, "அபிசீனியாவா?" என்று கேட்டார். "இந்தியா" என்றேன். அவர் ஏமாந்தவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வண்டி கிளம்பிற்று. ஒரு நீரூற்று, ஒரு உடைந்த மதில், கறுப்புச் சட்டை போட்ட இளைஞர் கூட்டம் ஒன்று, பிறகு ஆறு, பாலம், மறுபடி மதில். ஒரு மணி நேரம் போனபின் அதே நீரூற்று வந்தது. அது ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டியாம்.

"நம்ம ஊரு புஷ்புஷ் வண்டிக்காரனா இருந்தா, ஏறும்போதே எங்க போவணும்னு கேட்டிருப்பான்" என்றார் அவர்.

"தள்ளுறவனுக்குத்தானே தூரம் தெரியும்" என்றேன். இறங்கினோம். அதற்குமேல் டிராம் பக்கம் போகவில்லை.

எங்கள் இருவருக்கும் இத்தாலிய பாஷை ஒரு சொல் தெரியாது. ஆனால் பிறந்ததிலிருந்து பூசையில் லத்தீன் கேட்ட காது. ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்திலிருந்து ஒரு சொல்லைப் பிய்த்து, "பானெம்" என்றேன். ரொட்டி வந்தது. "ஆக்குவா" என்றேன். தண்ணீர் வந்தது. கடைக்காரர் என்னைக் கன்னியாஸ்திரீ என்று நினைத்தாரோ என்னவோ, சிலுவை போட்டுக்கொண்டார். மீனுக்கு லத்தீன் தெரியவில்லை; கையை நெளித்துக் காட்டினேன். மீனுக்குப் பதிலாகக் கயிறு போல நீண்ட மாவுப் பண்டம் வந்தது, நம் சேமியாவின் பெரியண்ணன். தக்காளிச் சாற்றில் பிரட்டியிருந்தது. உறைப்பே இல்லை. ஊறுகாய்ச் சீசாவைத் திறந்தோம். கடைக்காரர் ஒரு துளி கேட்டு வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்தது. அசல் பஜ்ஜிதான். இரண்டு கடல் தாண்டி வந்த இடத்தில் பஜ்ஜியைக் கண்டதும் என் வீட்டுக்காரர் தட்டையே தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சாயங்காலம் நடந்தோம். எங்கே போகிறோம் என்று கேட்காமல் நடப்பதில் ஒரு போதை இருக்கிறது. சந்துகளுக்கு மேலே கயிறு கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். அடியில் நடக்கும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் உச்சியில் விழுந்தது. சுவர்கள் எல்லாம் நம் கடற்கரையோரத் தெருக்களின் அதே பழுத்த மஞ்சள். திரும்பும் முனையெல்லாம் கடல் தெரியப்போகிறது என்றே கால் எதிர்பார்த்தது. கடல் இல்லை, ஒவ்வொரு முனையிலும் ஒரு நீரூற்று இருந்தது. இருட்டுவதற்குச் சற்று முன் அந்த ஊர் முழுவதும் தேனில் முக்கி எடுத்ததுபோல் ஆயிற்று. நான் சைகோன் ஆற்றை நினைத்துக்கொண்டேன். அவர் என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை. சொன்னபடி வாயைத் திறக்காமல்தான் இருந்தார்.

தங்கியது ஓர் அம்மாளின் வீட்டு மாடி அறையில். ஐம்பது வயதிருக்கும். இளமையில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர், ஆகையால் பேச முடிந்தது. கூடத்தில் பட்டாள உடுப்பில் ஒரு பையனின் படம். மகன், ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "கடிதம் வந்து ஏழு வாரம்" என்றார், நாங்கள் கேட்காமலே.

இரண்டாம் நாள் திருநாள். கடைகள் மூடியிருந்தன. காலையில் பேதுரு என்னும் அர்ச். இராயப்பரின் பெருங்கோவிலைப் பார்த்தோம். அதன் பெருமையை எழுத எனக்கு முன்பே பலர் இருக்கிறார்கள். எனக்கு அங்கே ஜெபம் வரவில்லை; அவ்வளவு பெரிய இடத்தில் என் விண்ணப்பம் எந்த மூலைக்கு என்று இருந்தது. திரும்பும் வழியில் ஏதோ ஒரு சந்தில், மூக்கு உடைந்த சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழும் ஒரு தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கோவில் திறந்திருந்தது. மெழுகுவர்த்தி வாசனை, மங்கல் வெளிச்சம், பக்கத்துப் பீடத்தில் தேவமாதா. நம் பங்குக் கோவிலுக்குள் நுழைவதுபோலவே இருந்தது.

"இங்க கேட்டுடறேங்க" என்றேன். எதை என்று அவருக்குத் தெரியும்.

மர்சேயில் இருந்த எட்டு மாதமும் குளிர். அங்கே பூசைக்குச் சப்பாத்தோடுதான் போனோம், எல்லாரையும் போல. ஆனால் அன்றைக்கு நல்ல வெயில், கல் படி, உள்ளே பெரிய விண்ணப்பம். நம் ஊரில் பெரிய விண்ணப்பம் என்றால் வெறுங்கால்தான். கால் தானாகவே கழற்றிவிட்டது. இருவரும் சப்பாத்துகளைப் படியில் வரிசையாக, முனை பீடத்தைப் பார்க்க, வைத்துவிட்டு உள்ளே போனோம்.

ஜெபமாலை ஒன்று சொன்னேன். பதில் எதுவும் கிடைக்கவில்லை. கண்ணை மூடினால் பொன் கோட்டு ஓடம். திறந்தால் கப்பல் பாலத்தில் அத்தையின் முகம். பக்கக் கதவு வழியாகத் தோட்டம் தெரிந்தது. அங்கே சற்று உட்கார்ந்துவிட்டு, அப்படியே சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். கோவில் கதவு பூட்டியிருந்தது. படி வெறும் படியாக இருந்தது.

கதவைத் தட்டினோம். பதில் இல்லை. நம் ஊரைப் போலவே அந்த ஊரும் மத்தியானத்தில் தூங்குகிற ஊர்.

"புது சப்பாத்து" என்றார் அவர், தம் கால் விரல்களைப் பார்த்தபடி. "நாலு தடவைகூடப் போடலை."

"ஊருக்குப் போனா எப்படியும் கழட்டத்தானே போறோம்."

"இத்தனை சப்பாத்து நடக்கிற ஊருல நம்மளுதுதான் கண்ணுல பட்டுதா?"

"வேற யாரு கழட்டி வெச்சா? வெச்சாத்தானே எடுப்பாங்க."

இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் தொற்றிக்கொண்டது. சந்தின் நடுவில் நின்று இருவரும் சிரித்தோம். மாலை வரை காத்திருக்கலாம் என்று சுற்றிவிட்டுத் திரும்பினால், சந்து காணாமல் போயிற்று. சிங்கத் தொட்டி எங்கே என்று யாரிடம் எப்படிக் கேட்பது? கர்ஜித்துக் காட்டினேன். ஒரு கிழவர் பயந்து வழிவிட்டார்.

கறுப்புக் கற்களைச் சின்னச் சின்னதாகப் பதித்த தெருக்கள் அவை. வெயிலில் தோசைக்கல் சூடு. ஆனால் நிழலில் கால் வைத்ததும் ஒரு குளிர்ச்சி உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஏறும். அந்த ஊரை அதற்குப் பிறகுதான் நான் உண்மையாகத் தொட்டேன் என்று சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் எங்கள் கால்களைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பாத்திரத்தில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்து என் முன்னே மண்டியிட்டு, என் காலை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். நான் பதறிப்போனேன்.

"இவ்வளவு தூரத்திலிருந்து வந்து வெறுங்காலோடு கோவில் கோவிலாக நடக்கிறீர்கள்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. "நாளைக்குச் சின்னப்பர் கோவிலுக்குப் போவீர்கள் அல்லவா? என் பையனுக்காகவும் அந்த வழியை நடப்பீர்களா? எனக்கு முழங்கால் முடியாது."

சப்பாத்து தொலைந்துபோயிற்று என்று சொல்ல என் வீட்டுக்காரர் வாயெடுத்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "நடக்கிறோம் அம்மா. நாளை பொழுது சாயும்வரை காலில் எதுவும் போடாமல் நடக்கிறோம்."

அறைக்குள் வந்ததும் அவர் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் கடை தொறக்குமே செலின்."

"சொல்லிட்டேங்க."

"சரிதான். சொன்னது நீ, நடக்கிறது நானுமா?"

"'நடக்கிறோம்'னு சொல்லிட்டேனே. என்னா பண்றது?"

"அடுத்த தடவை ஒருமையில வாக்குக் குடு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மாள் ஒரு காகிதப் பொட்டலம் நிறையச் செர்ரிப் பழம் தந்து அனுப்பினார். பவுல் என்னும் சின்னப்பரின் கோவில் ஊருக்கு வெளியே. மதில் வாசலைத் தாண்டி நீண்ட சாலை. கடை வாசல்களில் சப்பாத்துகள் தொங்கின. அவர் ஒவ்வொன்றையும் மரியாதையோடு பார்த்துவிட்டு நடந்தார். நாங்கள் பழத்தைத் தின்று கொட்டையைக் கையில் சேர்த்துக்கொண்டே, முகம் தெரியாத ஒரு பையனுக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டு போனோம். படத்தில் பார்த்த முகம் சிறிது நேரத்தில் மறந்துவிட்டது; அந்த இடத்தில் எங்கள் தெருப் பையன்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கோவிலின் தூண்கள் காடுபோல நின்றன. பளிங்குத் தரை காலுக்கு அப்படியொரு இதம். அத்தை இந்தத் தரையில் நடந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றிற்று. ஏன் தோன்றிற்று என்று தெரியவில்லை.

திரும்பும்போது, தேடாத நேரத்தில், மூக்கறுந்த சிங்கம் எதிரில் வந்தது.

கோவில் திறந்திருந்தது. கதவு திறந்து விளக்கேற்றும் கோவில்பிள்ளை, இடுப்பில் சாவிக் கொத்தோடு, பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பிரெஞ்சில் கேட்போமா என்று நாங்கள் யோசிக்கும்போதே என் கண் பக்கச் சுவரில் பட்டது. தேவமாதாவின் பீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளி இதயங்கள், வெள்ளியில் செய்த கை கால்கள், நொண்டிகள் குணமானபின் விட்டுப்போன ஊன்றுகோல்கள். நம் பக்கத்து யாத்திரைக் கோவில்களிலும் இதெல்லாம் உண்டு. ஊன்றுகோல்களுக்கு நடுவே, ஆணியில், சிவப்பு நாடாவில் கோர்த்து, எங்கள் இரண்டு ஜோடிச் சப்பாத்துகள். கீழே ஓர் அட்டையில் அழகான எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. 'அருள் பெற்றோம்' என்று பொருளாம்.

கோவில்பிள்ளைக்குத் தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சு வந்தது. முப்பது வருஷமாக இந்தப் படியைப் பெருக்குகிறாராம். சப்பாத்தை இவ்வளவு ஒழுங்காக, முனை பீடத்தைப் பார்க்க வைத்துவிட்டுப் போனவர்கள் எவரும் இல்லையாம். கால் குணமான யாரோ புருஷனும் பெண்சாதியும் காணிக்கை வைத்துவிட்டு நடந்தே போய்விட்டார்கள் என்று நேற்று மாலை பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். இரண்டு கிழவிகள் அழுதார்களாம்.

"எங்கள் ஊரில் கோவிலுக்குள் போகும்போது கழற்றிவிடுவோம்" என்று என் வீட்டுக்காரர் விளக்கினார்.

கோவில்பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. பிறகு எங்களைக் கூர்ந்து பார்த்து, "நீங்கள் நேர்ந்துகொண்டீர்களா? வாயால் சொன்னீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்படியானால் இது காணிக்கை இல்லை, வெறும் சப்பாத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏணியை இழுத்தார். ஏறும்போது திரும்பி, "வாயால் சொல்லியிருந்தால் பாப்பரசர் வந்து கேட்டாலும் இறக்கியிருக்கமாட்டேன்" என்றார்.

சப்பாத்துகளை வாங்கிக்கொண்டு படியில் வந்து உட்கார்ந்தோம். அவர் தம்முடையதைத் தட்டித் துடைத்தார். நான் என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"போட்டுக்கலியா?"

"பொழுது சாயட்டும். அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

அவர் கையில் எடுத்ததைக் கீழே வைத்தார். சிங்கத்தின் வாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அத்தனை நாளாக மூடியிருந்த பேச்சை மெல்லத் திறந்தார்.

"அப்ப, கடுதாசி?"

"அத்தைகிட்டயும் சொல்லியிருக்கேனே, வேணாம்கிறதைப் போட்டுடுங்க."

எழுதும்போது இது ஒரு வரியாக இருக்கிறது. சொன்னபின் சப்பாத்தில் கோர்த்திருந்த சிவப்பு நாடாவை உருவி விரலில் சுற்றிக்கொண்டேன். பொன் கோட்டு ஓடம் ஆளில்லாமல் ஆற்றில் போயிற்று. சப்பாத்துகளைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலாக வீடுவரை நடந்தோம். பார்த்தவர்கள் எங்களைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மறுநாள் நாப்போலியில், கப்பலின் ஊதலுக்கு முன்னால், இயலாது என்ற கடிதம் தபால் பெட்டிக்குள் விழுந்தது. மற்றதைக் கிழிக்க அவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஊறுகாய்ச் சீசாவுக்கு அடியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

புதுச்சேரியில் அத்தை பாலத்தின் நுனியிலேயே நின்றிருந்தார். படகிலிருந்து ஏறியதும் பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எளைச்சிட்டியே" என்றார். பிள்ளை இளைக்கவில்லை. நான்தான் இளைத்திருந்தேன், என்னை அப்புறம்தான் பார்த்தார்.

போன வாரம் அத்தை அந்தக் காக்கிப் பையைத் துவைக்க எடுத்தார். எண்ணெய்க் கறை படிந்த உறை கையில் வந்தது. பிரெஞ்சு எழுத்து அவருக்குத் தெரியாது. பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். எல்லாம் வெளிவந்துவிட்டது. நான் அடுப்படியில் மீன் குழம்பைக் கிளறுவதுபோல் நின்றுகொண்டிருந்தேன்.

"செலின், இங்க வா. பாலத்துல எங்கிட்ட என்னா சொன்ன?"

"உங்க புள்ளையைத் திருப்பிக் கொண்டாந்து விடறேன்னேன் அத்தை."

"கொண்டாந்து விட்டியா?"

"விட்டேன்."

"அத்தோட அது முடிஞ்சுபோச்சு. திரும்பக் கூட்டிக்கிட்டுப் போவமாட்டேன்னு சொன்னியா?"

"இல்ல. ஆனா உங்களைத் தனியா வுட்டுட்டு..."

"தனியா வுட்டுட்டுப் போவ யாரு சொன்னா? நீ இவனைக் கேட்ட, இவன் உன்னைக் கேட்டான், ரோமாபுரி மாதாவைக் கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் மட்டும் இந்த நெல்லித்தோப்பை விட்டு எங்க போயிருக்கேன்?"

அன்று மாலையே என் வீட்டுக்காரர் புதிதாக ஒரு கடிதம் எழுதினார்: இடம் இன்னும் இருந்தால் சம்மதம், வருகிறவர்கள் மூன்று பேர். இடம் நிரம்பியிருக்கவும் கூடும். பதில் இன்னும் வரவில்லை.

அத்தை இப்போதே தம் சாமான்களை எடுத்துவைத்துவிட்டார். நாலு புடவை, ஒரு ஜெபமாலை, ஒரு சின்னத் துணிமூட்டை. எங்கள் பையைவிடச் சின்னது. தினமும் சாயங்காலம் என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், வந்து நிற்கிற கப்பல்களைப் பார்க்கிறார். நேற்று ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சைகோன்ல கோவிலுக்குள்ள சப்பாத்தைக் கழட்டிட்டுப் போவாங்களா, போட்டுக்கிட்டுப் போவாங்களா?"

"தெரியலை அத்தை."

"போயிதான் பாக்கணும்" என்றார்.